அரைக்கிலோ இறைச்சி, ரெண்டு பேருக்கு

ஜூன் 1, ஞாயிறு

இந்த டைரி ஜல்லிக் கடைக்காரர் புதுவருஷத்துக்குக் கொடுத்தது. கோழி அடை வைத்த தேதியைத் தவிர இதுவரை இதில் ஒன்றும் எழுதவில்லை. நான் படித்த ஐந்தாம் வகுப்புக்கு அதுவே அதிகம். ஆனால் இன்று முதல் எழுதாமல் தீராது.

என் வீட்டுக்காரர் ஏசுவடியான், கல்யாணமான மறுவருஷமே சவூதிக்குப் போனவர். கம்பெனி கேம்பில் சமையல்காரர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், இரண்டு மாதம் இருப்பார், போவார். மீதி நாளெல்லாம் போன்தான். மகள் பியூலாவுக்குப் பல் முளைத்தது, அவளுக்கே பிள்ளை பிறந்தது, பக்கத்து வீட்டு லீலா அடித்த கூத்து, நான் பருப்பு உடைக்கிற முந்திரி ஆபீஸில் சூப்பர்வைசர் எண்ணெயில் வழுக்கி விழுந்தது, எல்லாம் போனில்தான் சொன்னேன். அவரைப் பற்றிய குறையைக்கூட அவரிடமே சொல்லித் திட்டித் தீர்த்துவிடுவேன்.

போன வாரம் ஆள் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். இனி அவர் குறையை யாரிடம் சொல்ல? வீட்டுக்குள்ளேயே நடமாடுகிறார். ஆகையால் டைரி.

முதல் குறை: இன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே என்று என் கைப்பாகத்தில் இறைச்சி வைத்தேன். தேங்காயைப் பல்லுப்பல்லாகக் கீறிப் போட்டு, நல்லமிளகும் பெருஞ்சீரகமும் பொடித்துத் தூவி, இரும்புச் சட்டியில் கறுக்கக் கறுக்க வரட்டியது. இலை போட்டு, "வந்து இரிங்க" என்றேன். "நீ தின்னு, நான் பொறவு இரிக்கேன்" என்றார். கடைசியில் அடுக்களையில் நின்றுகொண்டே, சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தின்றார். வந்த நாள் முதல் இதே கதைதான்.

நன்றாயிருக்கிறதா என்று கேட்டேன். "உப்பு கொஞ்சம் ஏத்தம்" என்றார். என்னிடம்! என் அடுக்களையில்!

ஜூன் 2, திங்கள்

காலையில் பார்த்தால் என் மிளகாய்ப்பொடி டப்பா இடம் மாறியிருக்கிறது. போருக்கு நாள் குறித்துவிட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

இனி சமையல் தான்தான் என்று அறிவித்துவிட்டு, மனுஷன் காலையிலேயே பையை எடுத்துக்கொண்டு செய்யதின் இறைச்சிக் கடைக்குப் போனார். திரும்பி வரும்போது ஆட்டோவில் வந்தார். ஆறு கிலோ மாட்டிறைச்சி.

"வீட்டுல கல்யாணமா அண்ணே?" என்று செய்யது கேட்டாராம்.

"இல்ல, நானும் அவளும்தான்" என்றாராம் இவர்.

கேம்பில் முன்னூறு பேர். அதற்குக் கீழே இவர் கைக்குக் கணக்குத் தெரியாது. அடுப்பு போதாது என்று முற்றத்தில் மூன்று கல் கூட்டினார். வாடகைச் சாமான் கடையிலிருந்து அண்டாவே வந்துவிட்டது. தேங்காய், மல்லி, மிளகாய் எல்லாம் பொன்னிறம் தாண்டிச் சிவக்க வறுத்து அரைத்தார். வறுக்கும்போது "ஒரு பிடி" என்றால் அது என் முறத்தில் பாதி. இறைச்சியை முதலில் அதன் தண்ணீரிலேயே வேகவிட்டு, அந்தத் தண்ணீர் வற்றி நெய் பிரிந்து சட்டியில் 'சர்ர்' என்று சத்தம் வந்த பிறகுதான் அரைப்பைச் சேர்த்தார். நான் ஒரேயடியாக எல்லாவற்றையும் கொட்டிக் கிளறுகிறவள். பார்த்துக்கொண்டேன். சொல்லவில்லை.

உப்பு மட்டும் அதிசயம். உப்பு வைக்கிற பீங்கான் பரணிக்குள் கைவிட்டு, தோளுயரத்திலிருந்து தூவுகிறார். நாக்கில் வைத்துப் பார்ப்பதே இல்லை. "ருசி பாக்கண்டாமா?" என்றேன். "உப்பு பிசகினா முன்னூறு பேரும் எனக்க மொகத்துல முழிப்பான். இண்ணு வரை ஒருத்தனும் முழிச்சதில்ல" என்றார். கறியை வாயில் வைத்தேன். சனியன், உப்பு அச்சாக நின்றது.

இறக்கி வைத்ததும் அண்டாவின் விளிம்பில் கரண்டியால் டங் டங் டங் என்று அடித்தார். கேம்பில் ஆட்களைச் சாப்பிடக் கூப்பிடும் முறையாம். இங்கே யார் வருவார்கள் என்று நான் சிரித்து முடிப்பதற்குள் லீலா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"எளா ரெத்தினம், என்ன, தீப்பிடிச்சிட்டா?"

"இல்லளா. பாத்திரம் எடுத்துட்டு வா."

ஆறு வீட்டுக்குப் போயிற்று. இரவு வரை நாங்களும் தின்றோம். நாளைக்கும் இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

இன்னும் இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

என் வீட்டுக்காரருக்குக் குக்கரென்றால் பயம்! வைரம் கிடைத்தாற்போல் இருக்கிறது எனக்கு. எலும்பை வேகவைக்கக் குக்கரை அடுப்பில் ஏற்றினேன். முதல் விசில் வந்ததும் ஆள் கிணற்றடியில் நிற்கிறார். கேம்பில் எல்லாம் திறந்த அண்டாவாம், விறகுத் தீயாம், பொறுமையாம். "மூடி வச்சு அடைச்சுப் பூட்டி வேவிச்சா இறைச்சி கோவிக்கும்" என்கிறார்.

"இறைச்சியா கோவிக்குது, நீங்களா?"

"உனக்கு எப்பமும் சிரிப்புதான்."

"பின்ன, அழணுமா? எல்லாத்துக்கும் சேத்து போனுலயே அழுதாச்சு."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் விசில் வந்ததால் அவர் காதில் விழவில்லை என்று நினைக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று அரபிக்காரர்கள் பாணி. இறைச்சியை எலும்பில்லாமல் வாங்கி, மரக்கட்டையில் வைத்துக் கத்தி இரண்டால் கொத்து கொத்தென்று கொத்தினார். உள்ளி, மல்லியிலை, மிளகு சேர்த்துப் பிசைந்து, கொய்யாக் கம்பில் பொத்திப் பிடித்து, வீடு கட்டியபோது மிஞ்சிய ஜன்னல் கம்பிச் சட்டத்தின் மேல் வைத்துக் கனலில் சுட்டார். முதல் நாலு கம்பிலும் இறைச்சி நழுவித் தீயில் விழுந்தது. எங்கள் நாய் இந்த ஆண்டில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

"கேம்புலயும் இப்பிடித்தான் நாய்க்குப் போடுவியளா?" என்றேன்.

"கொழுப்பு கம்மி. கொழுப்பு இருந்தாத்தான் பிடிச்சு நிக்கும். மெலிஞ்ச மாடு, அதான் நழுவுது."

அடுத்த உருண்டையில் நெஞ்சுக் கொழுப்பைக் கொத்திச் சேர்த்தார். பிடித்துக்கொண்டது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. லீலா ஏழு தின்றாள். நான் எண்ணவில்லை, அவளே சொன்னாள்.

இவர் ஒன்றுகூட உட்கார்ந்து தின்னவில்லை. எல்லோரும் போன பிறகு கேட்டேன், இது என்ன பழக்கம் என்று.

"சமையக்காரன் கடைசி" என்றார். "முன்னூறு பேருக்கும் தெகஞ்சுதாண்ணு பாக்கணும். சட்டிய நோட்டமிட்டுட்டே நிண்ணு தின்னு பழகிட்டு. தெகயலேண்ணா சாயாவக் குடிச்சுட்டுப் படுத்துருவேன்."

"எத்தர நாளு அப்பிடிப் படுத்தியோ?"

"அதெல்லாம் ஆரு எண்ணுதா" என்று மரக்கட்டையைக் கழுவப் போய்விட்டார். போனில் ஒவ்வொரு நாளும் "சாப்பிட்டியளா?" என்று கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் "ஆச்சு" என்றுதான் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று என் பக்கம் தோல்வி. எழுதாமல் விட்டால் டைரிக்கு மரியாதையில்லை.

முதிர்ந்த மாட்டின் தொடைக்கறி, செருப்புத் தோல் மாதிரி இருந்தது. பப்பாளிக்காயைத் துருவிப் பிசறி வைத்தால் இளகும் என்பது எனக்குத் தெரிந்த வித்தை. ஒரு மணிநேரம் போதும் என்றார் அவர். சொன்னது அவர் என்பதால் நான் நேற்று மாலையே பிசறி ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் சட்டியைத் திறந்தால் இறைச்சி என்று ஒன்று இல்லை. கூழ். கரண்டியில் எடுத்தால் வழிகிறது.

அவர் அதில் பொட்டுக்கடலை மாவு போட்டு, முட்டை உடைத்து ஊற்றித் தட்டித் தட்டி எண்ணெயில் பொரித்துவிட்டார். லீலா தின்றுவிட்டு, "இதுக்குப் பேரு என்ன ரெத்தினம்?" என்றாள்.

"பிடிவாதம்" என்றார் அவர்.

மனுஷனுக்கும் வாய் வருகிறது! அடக்க முடியாமல் நானே சிரித்துவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

மழை விடவில்லை. மழைக்கு மரச்சீனிக் கிழங்கும் எலும்பும்தான். நெஞ்செலும்பைத் திறந்த சருவத்தில் காலையிலிருந்து கொதிக்கவிட்டு, கிழங்கை வேகவைத்து அதிலேயே உடைத்துப் போட்டுக் குழைத்தார். பரிமாறும் முன்னே டங் டங்.

மாடியில் வாடகைக்கு இருக்கிற நர்ஸ் சுகந்தியும் இறங்கி வந்தாள். மதுரைப் பக்கத்துப் பெண். எங்கள் பேச்சு அவளுக்கு இன்னும் பழகவில்லை.

"வா பிள்ளே, இரி" என்றேன்.

"அக்கா, எங்க ஊர்ல உக்காருன்னுதான் சொல்லுவோம். நீங்க இரு இருன்னா எனக்குப் பயமா இருக்கு. எத்தனை நாளைக்குக்கா இருக்கணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். "வாடகை தருறது வரைக்கும் இரி" என்றேன் நான். அவரும் சிரித்தார், சுவரில் சாய்ந்து நின்றபடி. அவரைப் பார்த்தும், "நீங்களும் இரிங்களேன்" என்றேன். "இரிக்கட்டும், இரிக்கட்டும்" என்று கரண்டியோடு உள்ளே போய்விட்டார்.

சிரிப்பில் யாரும் கவனிக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

கேம்பிலிருந்து கோஷி சார் போன் பண்ணினார். கேம்பை நடத்துகிறவர். புது சைட்டாம், நானூறு பேராம், இவருக்குப் பதிலாக வந்த சமையல்காரன் சாம்பாரில் உப்பை வாரிப் போட்டுவிட்டு ஓடிப்போய்விட்டானாம். ஏசுவடியான் வந்தால் நாளைக்கே விசா, டிக்கெட், எல்லாம்.

போனை வைத்துவிட்டு, "நானூறு பேரு" என்றார். ஒரு அடி உயர்ந்த மாதிரி இருந்தார்.

"நல்லதாப் போச்சு. எனக்க அடுக்களை எனக்குக் கெடைக்கும்" என்றேன்.

என்னைப் பார்த்தார். "போவட்டா அப்பம்?"

"போங்க. அங்க நானூறு பேரு. இஞ்ச ஒரு நாயும் நானும்."

ஜூன் 25, புதன்

போவதாகச் சொல்லிவிட்டார். டிக்கெட் ஜூலை பன்னிரண்டு.

ஜூன் 29, ஞாயிறு

ஊர் முழுக்கச் செய்தி. என்னைவிட லீலாதான் அழுகிறாள், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு போகிறதே என்று.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. ஆள் வெளிநாடு போகிறதென்றால் பெட்டியில் இறைச்சி ஊறுகாய் இருக்க வேண்டும். எலும்பில்லாத இறைச்சியைச் சிறிது சிறிதாக வெட்டி, உப்பும் மஞ்சளும் போட்டு வேகவிட்டு, நல்லெண்ணெயில் கறுகப் பொரித்து, இஞ்சி, வெள்ளுள்ளி, மிளகாய், வினிகர் எல்லாம் சேர்த்துக் குப்பியில் அடைப்பது. ஒவ்வொரு லீவு முடியும்போதும் நான் போட்டிருக்கிறேன். அந்த வாசனை வந்தால் பியூலா சின்னப் பிள்ளையில் மூக்கைப் பொத்திக்கொண்டு என் மாமியார் வீட்டுக்கு ஓடிப்போவாள். அப்பா போகப் போகிறார் என்று அவளுக்கு அந்த வாசனைதான் சொல்லும்.

"ஊறுகா எப்பம் போடப்போற?" என்றார்.

"நல்லெண்ணெ நல்லதில்ல. செக்குக்காரனிட்ட சொல்லியிருக்கேன்."

ஜூலை 2, புதன்

செக்கு எண்ணெய் வந்துவிட்டது. ஆனால் வினிகர் இல்லை.

ஜூலை 4, வெள்ளி

வினிகர் அவரே வாங்கி வந்துவிட்டார். மழை ஈரத்தில் ஊறுகாய் போட்டால் பூசணம் பிடிக்கும் என்றேன். "முன்னெல்லாம் நல்ல மழையிலயும் போட்டியே" என்றார். அதெல்லாம் அப்போதைய மழை என்றேன். என்ன பேசுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆபீஸில் இன்று நான் உடைத்த பருப்பில் பாதி நொறுங்கல்.

ஜூலை 6, ஞாயிறு

இன்று ஆட்டுத் தலை. மாடு மட்டும் போதாது என்று ஆசை அவருக்கு. தீயில் வாட்டி மயிர் பொசுக்கி, சுரண்டிக் கழுவி, நல்லமிளகு அரைத்து, மண்சட்டியில் மூடி மேலே கனல் போட்டு வேகவைத்தார். ஊரையே கூப்பிட்டது வாசனை. கரண்டிச் சத்தம் வருவதற்கு முன்பே பாத்திரங்கள் வந்து நின்றன.

எல்லாரும் போன பிறகு, சட்டி கழுவிக்கொண்டே கேட்டார்: "நான் போனா உனக்கு சௌரியம்தானே?"

சௌரியம் இல்லாமல்? குக்கரை நிம்மதியாக விசிலடிக்க விடலாம், மிளகாய்ப்பொடி இடத்தில் இருக்கும், இறைச்சி வாங்க ஆட்டோ வேண்டாம் என்று அடுக்கினேன். வழக்கம் போலத்தான். ஆனால் மனுஷன் சிரிக்கவில்லை. "செரி" என்று ஒரு சொல். கழுவின சட்டியையே மறுபடியும் கழுவினார்.

வயசாகிறது. கேலி செரிக்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறார். நான் ஆபீஸிலிருந்து வரும்போது அது முன்வாசலில் காய்ந்துகொண்டிருந்தது. காலால் ஓர் உதை விட்டேன். காலில்தான் வலி.

ஜூலை 9, புதன்

ஊறுகாய்க்கென்று அவரே அரைக்கிலோ எலும்பில்லாக் கறி வாங்கி வந்துவிட்டார். அரைக்கிலோ! செய்யது இரண்டு முறை கேட்டாராம், உடம்பு சரியில்லையா என்று.

பையைப் பார்த்ததும் எனக்கு ஏதோ ஆயிற்று. கோபமா, பசியா தெரியாது. வாய் மட்டும் வழக்கப்படி முந்திக்கொண்டது.

"இதயெல்லாம் ஊறுகா போட்டுக் கெடுக்கப்பிடாது. ஒரு பந்தயம். இந்த அரைக்கிலோவ ரெண்டு பேருக்குக் கறி வச்சுக் காட்டுங்க. மிச்சம் வரப்பிடாது, கொறயப்பிடாது, ருசி பிசகப்பிடாது. நானூறு பேருக்கு வைக்க ஆருக்கும் முடியும். ரெண்டு பேருக்கு வைக்கணும், அதாக்கும் சமையல்."

"செயிச்சா?"

"வேற இறைச்சி வாங்கி வாயத் தொறக்காம ஊறுகா போட்டுப் பெட்டியில வைக்கேன்."

"தோத்தா?"

"நான் சொல்லுற ஒரு காரியத்தக் கேக்கணும்."

"என்ன காரியம்?"

"அது தோத்த பொறவு."

என்னைப் பார்த்தார். அடுப்பில் கறி கருகுகிறதா என்று பார்க்கும் பார்வை. "செரி, நாளைக்கு" என்றார். இறைச்சியை மஞ்சளும் தயிரும் போட்டுப் பிசறி மூடி வைத்தார்.

கேட்பதற்கு என்ன காரியம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. ஏதோ வாயில் வந்தது, சொன்னேன். அவ்வளவுதான்.

ஜூலை 10, வியாழன்

ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டேன். பந்தயத்துக்கு நடுவர் வேண்டாமா?

காலையிலேயே பரணில் தேடி என் சின்ன மண்சட்டியை எடுத்தார். பியூலாவுக்குக் கஞ்சி வைத்த சட்டி. அவருடைய கைக்கு அது விளையாட்டுச் சாமான். மிளகாயை ஒவ்வொன்றாக எடுத்தார். மல்லியை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார், பாதியைத் திரும்ப டப்பாவில் போட்டார். தேங்காயில் ஒரு கீற்று மட்டும். உள்ளியை என்னிடம் தந்து உரிக்கச் சொன்னார். நான் ஒன்று அதிகமாக உரித்தேன், அதைத் திருப்பித் தந்துவிட்டார்!

இறைச்சி அதன் தண்ணீரிலேயே வெந்து, வற்றி, 'சர்ர்' என்றது. சின்னச் சத்தம். ரகசியம் பேசுகிற மாதிரி. வறுத்த அரைப்பு சேர்ந்தது. கறிவேப்பிலை ஒரே ஓர் இணுக்கு. தீயைக் கையால் வீசி வீசிக் குறைத்தார். நெற்றியில் வேர்வை. அண்டாவின் முன்னால் ஒருநாளும் இப்படி வேர்த்துப் பார்த்ததில்லை.

நடுவில் கரண்டி நுனியில் எடுத்து எனக்கு ஒரு சொட்டுத் தந்தார். உப்பு, புளிப்பு, காரம், எல்லாம் அதனதன் இடத்தில். நான் செத்தேன் என்று நினைத்தேன். இனி வாயைத் திறக்காமல் ஊறுகாய் போட வேண்டியதுதான்.

"எப்பிடி?" என்றார்.

"பொறவு சொல்லுதேன்" என்று இலை வெட்டப் போய்விட்டேன். இலை வெட்ட இவ்வளவு நேரமா என்று கேட்டால், ஆமாம், கொஞ்சம் நேரம் வாழை மூட்டில் நின்றேன். மழைத்தண்ணீர் இலையிலிருந்து முகத்தில் சொட்டிக்கொண்டே இருந்தது. சொட்டட்டும் என்று நின்றேன்.

திரும்பி வந்தபோது உப்புப் பரணி திறந்திருந்தது. அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார்.

சட்டியை இறக்கிவைத்தார். கரண்டியால் தட்டவில்லை. இலை போட்டேன், சோறு வைத்தேன், கறியை ஊற்றினேன். பிசைந்து ஒரு வாய் வைத்தேன்.

ஆண்டவரே! முட்டம் கடலை முழுசாக மொண்டு வாயில் ஊற்றின மாதிரி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இது என்ன, மாடு கடல்ல கெடந்து செத்ததா?"

"உப்பு பிசகிப் போச்சு" என்றார். "கை தவறிட்டு. வயசாச்சுல்லா."

முன்னூறு பேருக்குத் தோளுயரத்திலிருந்து தூவிய கை. நான் அந்தக் கையைப் பார்த்தேன். அவர் அடுப்பைப் பார்த்தார்.

"அப்பம் தோத்துட்டியளா?"

"தோத்துட்டேன்." பள்ளிக்கூடத்தில் தப்புக் கணக்குப் போட்ட பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சொல்லு. என்ன காரியம் கேக்கணும்?"

இத்தனை வருஷம் எதற்கும் வார்த்தைக்குப் பஞ்சம் வந்ததில்லை எனக்கு. பாதிரியாரிடம் பதில் சொல்லியிருக்கிறேன், சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறேன், பஸ் கண்டக்டரிடம் சொல்லியிருக்கிறேன். அப்போது பார்த்து ஒரு கேலி வரவில்லை.

அவருக்கும் ஓர் இலை போட்டேன். என் இலைக்குப் பக்கத்தில்.

"இரிங்க" என்றேன்.

நின்றார்.

"எத்தர நாளைக்கு?" என்றார்.

சுகந்தி சொன்ன அந்தப் பேச்சு. அப்படியென்றால் அன்று சாய்ந்து நின்றவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"சோறு தீருறது வரைக்கும்" என்றேன்.

இரிந்தார். முட்டி இரண்டும் சடக் சடக் என்றது. நின்றே தின்ற கால் மடங்க மறந்துபோயிருக்கிறது. முதல் வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"தின்ன முடியாது ரெத்தினம். தேங்காப்பால் ஊத்தி, கிழங்கு வெட்டிப் போட்டா உப்பு இறங்கும். எடுத்துட்டு வரட்டா?"

"எந்திரிக்கப்பிடாது. அப்பிடிச் செஞ்சா அது பத்துப் பேருக்கு ஆவும். பந்தயம் ரெண்டு பேருக்கு."

ஒரு துண்டு கறிக்கு ஒரு மலை சோறு. அப்படித்தான் இறங்கிற்று. அவர் எனக்கு அள்ளி வைப்பார், நான் அவருக்கு. இரண்டு பேரும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தோம். ஒரு கட்டத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும். சோறு புரையேறித் தலையில் தட்டிக்கொண்டோம். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து லீலா, "எளா, இண்ணைக்குத் தட்டல்லியே, என்ன விசேஷம்?" என்று கத்தினாள்.

"ஒண்ணும் இல்லளா! இண்ணைக்கு ரெண்டு பேருக்குத்தான்!"

கொஞ்ச நேரத்தில் அவர் சோற்றுப் பானைக்குள் கையை விட்டுத் துழாவினார். வெறும் கை வந்தது. அந்த முகத்தை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கேம்பில் பல நாள் இந்த முகத்தோடுதான் நின்றிருப்பார் என்று தோன்றியது. எழுந்திருக்கக் கையை ஊன்றினார்.

"சோறு தீந்துட்டு" என்றார்.

"இரிங்க" என்றேன். "ஒரு உழக்கு அரிசி போடுதேன்."

ஜூலை 11, வெள்ளி

பெட்டி பரணுக்கு ஏறிவிட்டது. கோஷி சாரிடம், இங்கே ஆள் கூடிப் போயிற்று, விட்டு வர முடியாது என்று சொன்னாராம். எத்தனை பேர் என்று அவர் கேட்டதற்கு ரெண்டு என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமைக்குக் கால்கிலோ போதும் என்கிறார். பார்ப்போம். உப்புப் பரணியை மட்டும் நான் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன்.